மாப்பிள்ளைக்கு வைத்த பொட்டு

எழுப்பினதில் கோபம் இல்லையே அக்கா? இருந்தால் இப்பவே சொல்லிடுங்க. மனசில் வெச்சுக்கிட்டு சென்னை வரைக்கும் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு வந்தீங்கன்னா எனக்குத் தாங்காது. விழுப்புரத்தில் ஏறின உடனே உங்களை உலுக்கி எழுப்பினேன், ஒத்துக்கறேன். ஆனால் பதினேழாம் நம்பர் ஜன்னல் சீட் என்னுடையது. இதோ போனில் இருக்கு பாருங்க, பதினேழு. கண்டக்டரிடமும் படியில் கால் வைக்கும்போதே பதினேழுன்னு சத்தமாகச் சொன்னேன். அவர் ஒரு ஆளோடு வெங்காய மூட்டைக்கு லக்கேஜ் போடுகிற சண்டையில் இருந்தார், அப்படியே தலையாட்டினார்.

நீங்க ஒரு வார்த்தை பேசாமல் நகர்ந்து உட்கார்ந்தீங்க. அதுதான் எனக்குப் பிடிச்சது. நானாக இருந்தால் விட்டிருக்கவே மாட்டேன்.

இந்த ஜன்னலையும் நான் சும்மா எடுக்கலை. காலையில் சென்னைக்குப் போகிற பஸ்ஸில் வெயில் டிரைவர் பக்கம் விழும். கதவுப் பக்கம் நிழல். திசை பார்த்துக் கணக்குப் போட்டு எடுத்த சீட். இப்போ கழுத்தில் சுடுதேன்னு பார்க்கறீங்களா? பைபாஸ் வளைவு. ரோடு நேரானதும் சரியாகிடும்.

எந்த ஊர் அக்கா? தாம்பரமா? நல்லதாப் போச்சு. நான் கிண்டி. அப்போ கடைசி வரைக்கும் துணை. என்ன, ஏதோ கேட்க வந்தீங்களே? இருங்க, முதலில் நான் சொல்லி முடிச்சிடறேன். பன்னிரண்டு மணிக்கு ஒரு கமிட்டி முன்னால் பேசணும். உங்களிடம் சொல்லிப் பார்த்தால் ஒத்திகை மாதிரி இருக்கும். நீங்க நடுநிலையாகக் கேளுங்க. கேட்டுட்டு யார் பக்கம் நியாயம்னு சொல்லுங்க. நியாயம் என் பக்கம்தான், இருந்தாலும் நீங்க சொல்லிக் கேட்கணும்.

என் பேர் இளவேனில். ஆராய்ச்சி மாணவி. எதில்னு கேட்டால் சிரிப்பீங்க. பலாப்பழத்தில்.

பார்த்தீங்களா, சிரிச்சுட்டீங்க.

பழத்தை வெட்டாமல், வெளியே இருந்து பார்த்தே, உள்ளே எங்கே பழுத்திருக்கு, எங்கே அழுக ஆரம்பிச்சிருக்குன்னு சொல்லணும். தட்டிப் பார்த்தாலே தெரியுமே, மோந்து பார்த்தாலே தெரியுமேன்னு மட்டும் கேட்காதீங்க. எங்க அப்பா அதைத்தான் கேட்டார். அந்த வாரம் முழுக்க அவரோடு நான் பேசவே இல்லை.

இதுக்குன்னு ஒரு கேமரா இருக்கு. உங்க போனில் எடுக்கிற போட்டோவில் ஒரு புள்ளிக்கு சிவப்பு, பச்சை, நீலம்னு மூணே மூணு அளவு. எங்க கேமராவில் ஒரு புள்ளிக்கு இருநூறுக்கு மேலே. நம்ம கண்ணுக்குத் தெரியாத நிறம் எல்லாம் அதுக்குத் தெரியும். ஒரே பழத்தை ஒவ்வொரு நிறத்திலும் தனித்தனியாகப் படம் எடுத்து, அப்பளக் கட்டு மாதிரி அடுக்கி வெச்சிருக்குன்னு நினைச்சுக்குங்க. ஒரு கட்டு எடுக்க முக்கால் மணி நேரம் ஆகும். அதுவரைக்கும் பழம் அசையக் கூடாது, கேமரா அசையக் கூடாது, லேபில் யாரும் தும்மக் கூடாது.

கேமரா எங்களுடையது இல்லை. கிண்டியில் ஒரு மையம் போன சீசனுக்கு ஓசியில் கொடுத்தது. வரப்போகிற சீசனுக்கு ஒருத்தருக்குத்தான் தருவாங்களாம். யாருக்குன்னு இன்னிக்கு முடிவு. எனக்கா, ஜெபராஜ் அண்ணனுக்கா. அண்ணனுக்குப் போயிடுச்சுன்னா எங்க கைடு வசந்தகோகிலம் மேடம் என்னைக் காகிதக் கப்பில் போட்டுடுவாங்க. அது இன்னொரு ஆராய்ச்சி அக்கா. சூடான டீயில் காகிதக் கப்பு எவ்வளவு நேரத்தில் ஊறுதுன்னு பார்க்கிறது. ஒரு பொண்ணு வருஷக்கணக்கா ஒரு கப்பு ஊறுகிறதைப் பார்த்துக்கிட்டு உட்காரணும். சொல்லுங்க, இதுக்கா நான் பிறந்தேன்?

ஜெபராஜ் அண்ணன் யார்னா, எனக்கு சீனியர். நல்ல பருமன். பையில் எப்பவும் முறுக்கு இருக்கும். அவரிடம் இருக்கிற மிகப் பெரிய குறை, வாதாட மாட்டார். என்ன சொன்னாலும் "அப்படியும் இருக்கலாம்"னு சொல்லிட்டு முறுக்கைக் கடிப்பார். வாதாடாத மனுஷரை எப்படி ஜெயிக்கிறது?

சரி, பழத்துக்கு வர்றேன். பண்ருட்டிப் பழம். ரெண்டு பேர் தூக்கி வந்தோம். டிபார்ட்மெண்டில் யாரோ கழித்துப் போட்ட கைவைத்த மர நாற்காலியில் சாய்த்து உட்கார வெச்சோம். புழுக்கத்துக்கு ஃபேன் போட்டோம். வருகிறவங்க எல்லாம் நின்னு பார்த்துட்டுப் போனாங்க. அந்த உபசாரத்தைப் பார்த்து அண்ணன்தான் அதுக்கு மாப்பிள்ளைன்னு பேர் வெச்சார். அதுக்கப்புறம் மேடம்கூட, "மாப்பிள்ளைக்கு இன்னிக்கு மணம் வந்திருக்கா"ன்னுதான் கேட்பாங்க.

அதோ டோல்கேட். இங்கே ஒரு டோல்கேட் இருக்கிறது எனக்கு ஞாபகமே இல்லை. எத்தனை புதுசு புதுசாக் கட்டறாங்க பாருங்க.

மாப்பிள்ளைமேல் எந்த இடம் எதுன்னு எப்படிச் சொல்றது? எங்கிருந்தாவது அளக்கணும் இல்லையா? ஒரு தொடக்கப் புள்ளி வேணும். எல்லாரும் தலையைச் சொறிஞ்சுக்கிட்டு நின்னப்போ நான் என் நெற்றியில் இருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்து, வயிற்றுப் பக்கம் ஒரு முள்ளு நுனியில் ஒட்டினேன். அரக்கு நிறம், பெரிய பொட்டு. பொட்டுக்கு மேலே இவ்வளவு, இடதில் இவ்வளவுன்னு சொன்னால் உலகத்தில் எந்த மூலையில் இருக்கிறவனுக்கும் புரியும். மேடமே பாராட்டினாங்க. அண்ணன் மட்டும், "பெவிகால் ஏதாவது போடலாமா"ன்னு கேட்டார். வேண்டாம்னு சொன்னேன். பழத்தின் தோலில் பெவிகாலா? விஞ்ஞானமே தெரியாத பேச்சு.

பழம் பழுக்கிற நேரத்தில் ஒரு கட்டு எடுத்தோம். முதல் கட்டு. அவ்வளவு நல்ல வெளிச்சம், அவ்வளவு துல்லியம். எடுத்து முடிச்சுப் பார்த்தால் காம்புக்குக் கீழே ஒரு ஈ. வந்து உட்கார்ந்தது அக்கா, ஸ்கேன் முடிகிற வரைக்கும் நகரவே இல்லை. எங்களில் யாருக்கும் இல்லாத பொறுமை. அந்த இடத்தில் பழம் இல்லை, எல்லா நிறத்திலும் ஈதான் இருக்கு. அழுகல் வழக்கமாக ஆரம்பிக்கிற இடமும் காம்படிதான்.

மறுநாள் காலையில் இன்னொரு கட்டு எடுத்தோம். அதில் ஈ இல்லை. ஆனால் வேற கோளாறு, மத்த பக்கமெல்லாம் ஒரே மங்கல். சரி, ஈ உட்கார்ந்த இடத்தை மட்டும் இரண்டாவது கட்டில் இருந்து வெட்டி எடுத்து முதல் கட்டில் ஒட்டிடலாம்னு முடிவாச்சு. கிழிசலுக்கு அதே துணியில் ஒட்டுப்போடற மாதிரி. இதில் தப்பே இல்லை, உலகம் பூரா செய்யறாங்க. எந்த இடத்தை எந்த இடத்தில் ஒட்டறதுங்கிறதுதான் கேள்வி.

அங்கேதான் எங்க சண்டை. சண்டை இல்லை, விவாதம்.

ராத்திரி பெருக்க வந்தவங்க நாற்காலியை நகர்த்தி, பழத்தைத் துடைச்சு, வேற மாதிரி சாய்ச்சு வெச்சிருந்தாங்க. கேமராவையும் கொஞ்சம் தூக்கி வெச்சிருந்தோம். அப்போ முதல் படத்தில் காம்படி இருக்கிற புள்ளி வரிசையில் இரண்டாவது படத்தில் என்ன இருக்கும்? வேற ஏதோ இருக்கும். சின்னப் பிள்ளைக்குத் தெரியும். ஜெபராஜ் அண்ணன் என்ன செய்தார்? முதல் படத்தில் ஈ இருநூற்றுப் பத்தாவது வரிசையில் இருக்கா, இரண்டாவது படத்திலும் இருநூற்றுப் பத்தாவது வரிசையை எடுத்து ஒட்டிட்டார். நம்பருக்கு நம்பர் சரி. முறுக்கைக் கடிச்சார், ரிப்போர்ட்டை மேடத்துக்கு அனுப்பிட்டார்.

ரிப்போர்ட் என்ன சொன்னது தெரியுமா? மாப்பிள்ளையின் காம்படி எந்தக் காலத்திலும் பழுக்காது, அங்கே ஈரமே இல்லைன்னு சொன்னது. மேடம் பயந்துட்டாங்க. புது நோயோன்னு ஒரு நாள் பூரா பேசினாங்க. நான் உட்கார்ந்து தோண்டிப் பார்த்தேன். அது நாற்காலி அக்கா. நாற்காலியின் சாய்மானக் கட்டை. பழத்துக்கு நடுவில் ஒரு துண்டு நாற்காலியை வெச்சுத் தெச்சிருந்தார்.

நான் கேட்டேன். "அண்ணா, இருநூற்றுப் பத்தாவது வரிசை எல்லாப் படத்திலும் இருக்கும். உங்க தெருவில் மூணாம் நம்பர் வீடு இருக்கு. எங்க தெருவிலும் மூணாம் நம்பர் வீடு இருக்கு. நம்பர் ஒண்ணுங்கிறதுக்காக எங்க தெரு வீட்டில் போய் இலை போட்டு உட்காருவீங்களா?"

"சோறு போட்டாங்கன்னா உட்காருவேன் வேனில்"னார்.

இவரோடு என்ன பேசறது? நிறத்திலும் இதே கூத்து. முதல் நாள் எல்லா நிறமும் எடுத்தோம். மறுநாள் சீக்கிரம் முடியட்டும்னு ஒரு நிறம் விட்டு ஒரு நிறம் எடுத்தோம். அப்போ அங்கே ஐம்பதாவது நிறம் ஒண்ணு, இங்கே ஐம்பதாவது நிறம் வேற ஒண்ணு. அவர் ஐம்பதை ஐம்பதோடு சேர்த்தார். எண்ணைப் பார்க்கக் கூடாது அக்கா, இடத்தைப் பார்க்கணும். பொட்டில் இருந்து எவ்வளவு தூரம், என்ன நிறம், அதைப் பார்த்துச் சேர்க்கணும். இன்னிக்குக் கமிட்டியில் இதைத்தான் முதலில் சொல்லப் போறேன். நாற்காலிப் படத்தைப் பெரிசாப் போட்டுக் காட்டிட்டு ஒரு நிமிஷம் சும்மா நிற்கப் போறேன். நல்லா இருக்குமில்ல?

என்ன அக்கா? இறங்கற இடமா? கிண்டின்னு சொன்னேனே. இருங்க, முக்கியமான கட்டத்தில் கேட்கறீங்க.

வெயில் இன்னும் இந்தப் பக்கமே அடிக்குதே. இந்த ரோட்டில் நேரான இடமே கிடையாதா? திண்டிவனமும் இன்னும் வரலை. இந்த டிரைவர் மாட்டுவண்டி ஓட்டப் போயிருக்கலாம். அந்தப் பச்சைப் போர்டைப் பார்த்தீங்களா? திருச்சின்னு போட்டிருக்கு. எதிர்ப்பக்கம் போகிறவங்களுக்கு வைக்க வேண்டியதை இந்தப் பக்கம் திருப்பி நட்டுட்டாங்க. ஒரு புகார் எழுதிப் போடணும். எந்த வேலையும் இந்த நாட்டில் ஒழுங்கா நடக்கிறது இல்லை.

சரி. நான் என் முறைப்படி செய்தேன். இரண்டு படத்திலும் பொட்டு எங்கே இருக்குன்னு கண்டுபிடிச்சேன். அதில் இருந்து அளந்து, புள்ளிக்குப் புள்ளி, நிறத்துக்கு நிறம் பொருத்தி, ஈ இருந்த இடத்தில் பழத்தைக் கொண்டு வந்து வெச்சேன். தெய்வமே, எவ்வளவு அழகா வந்தது தெரியுமா. தையல் தெரியவே இல்லை. என் படம் சொன்னது, காம்புக்கு நேர் கீழே, கோழி முட்டை அளவு அழுகல்.

பொட்டா? ஆமாம், இரண்டு படத்திலும் இருந்தது. நடுவில் ஒரு தடவை விழுந்துடுச்சு, அது ஒரு பெரிய விஷயம் இல்லை. துடைச்சப்போ உதிர்ந்திருக்கும். காலையில் நான் போனப்போ நாற்காலிப் பலகையில் கிடந்தது. எடுத்து அதே முள்ளில் ஒட்டிட்டேன். பலாப்பழத்தில் எல்லா முள்ளும் ஒண்ணு போலத்தான் இருக்கும்னு சொல்வாங்க. பார்க்கத் தெரியாதவங்க சொல்றது. எனக்கு அந்த முள்ளு தெரியும். தினமும் பார்க்கிற முள்ளு.

மேடம், "ஒருத்தர் ஈரமே இல்லைங்கறீங்க, ஒருத்தர் அழுகல்ங்கறீங்க, வெட்டிப் பார்த்துடுவோம்"னாங்க. கத்திக்கும் கைக்கும் நல்லெண்ணெய் தடவிக்கிட்டு அவங்களே உட்கார்ந்துட்டாங்க. டிபார்ட்மெண்ட் பூரா கூடிடுச்சு. நான் விரலை வெச்சுக் காட்டினேன், இங்கே வெட்டுங்க மேடம்னு. வெட்டினாங்க.

அங்கே என்ன இருந்ததுன்னா, சுளை இருந்தது. மஞ்சளா, தேன் மாதிரி.

அவசரப்படாதீங்க அக்கா. அழுகல் இருந்ததா இல்லையா? இருந்தது. கோழி முட்டை அளவா? கோழி முட்டை அளவு. நான் சொன்ன இடத்தில் இருந்து கொஞ்சம் தள்ளி இருந்தது, அவ்வளவுதான். என் கருத்து என்னன்னா, அழுகல் நகர்ந்திருக்கு. உயிருள்ள பொருள், நகராதா?

ஜெபராஜ் அண்ணன் தோலை எடுத்து மடியில் வெச்சுக்கிட்டு, விரலால் எண்ண ஆரம்பிச்சார். "நாலு முள்ளு தள்ளி இருக்கு வேனில்"னார். அப்புறம் மெதுவா, யாருக்கும் கேட்காத மாதிரி, "பொட்டு நடுவில் எப்பவாவது விழுந்துச்சா"ன்னு கேட்டார்.

கேட்கிற கேள்வியா அது? நாற்காலியைப் பழம்னு சொன்ன மனுஷர், என் பொட்டைப் பற்றிக் கேட்கறார். கோபத்தில் ஏழெட்டு சுளை சாப்பிட்டேன். எல்லாரும்தான் சாப்பிட்டாங்க. சாயங்காலம் கொட்டையையும் வேகவெச்சுத் தின்னாச்சு. இருந்த ஒரே சாட்சியை டிபார்ட்மெண்டே சேர்ந்து தின்னு ஏப்பம் விட்டாச்சு. அடுத்த வாரம் சீசனும் முடிஞ்சுடுச்சு. இனி நான் சொன்னது சரின்னு காட்டணும்னா புதுப் பழம் வேணும், அந்தக் கேமரா வேணும். இதுதான் அக்கா என் நிலைமை. முறை என் முறைதான் சரி. அதை நாற்காலிக்காரர் தட்டிக்கிட்டுப் போகலாமா?

அண்ணன் நேத்தே கிண்டி போயிட்டார். சேர்ந்து போகலாம்னு கூப்பிட்டார், எதிர்க்கட்சியோடு ஒரே பஸ்ஸில் எப்படிப் போறது? மாட்டேன்னேன். காலையில் மெசேஜ் அனுப்பறார் பாருங்க, "போர்டு பார்த்து ஏறு"ன்னு. எனக்கு. திசை, தூரம், இடம், இதையே படிச்சுக்கிட்டு இருக்கிற எனக்கு. படிச்சுட்டுப் பதில் போடலை. சீட் நம்பரைப் பார்த்தேன், ஏறினேன், உட்கார்ந்தேன்.

என்னக்கா, ஏன் கையைப் பிடிக்கறீங்க? சொல்லிட்டேனே, கிண்டி. நீங்க தாம்பரம். ஆமாம், தாம்பரத்துக்குத்தானே போறீங்க? என்னது, தாம்பரத்தில் இருந்தா?

இருங்க, இதோ கண்டக்டரே வர்றார். அவரிடமே கேட்டுடுவோம். சார், இந்தம்மா ஏதோ சொல்றாங்க. இதோ என் டிக்கெட். பதினேழு. படியிலேயே சொன்னேன், நீங்களும் தலையாட்டினீங்க.

பின்னே? பதினேழுதானே?

கேட்டீங்களா அக்கா அவர் பேசறதை? "பதினேழு எல்லா பஸ்லயும் இருக்கும்மா. இது திருச்சி பஸ்"ங்கறார்.

அது எப்படி சார்? அப்போ விழுப்புரத்தில் என் பஸ் எங்கே நின்னது? பக்கத்திலேயேவா? அது கிளம்பும்போது இதுவும் கிளம்பினால் ஒரு மனுஷிக்கு எப்படித் தெரியும்? போர்டா? போர்டு முன்னால் இருக்கு சார், நான் பக்கவாட்டில் ஏறினேன். சரி, சரி. உளுந்தூர்பேட்டையில் நிறுத்துவீங்களா? இப்ப வருதா? நிறுத்துங்க.

நீங்களாவது முதலிலேயே சொல்லியிருக்கலாமே அக்கா. சொல்ல வந்தீங்களா? எப்போ? இறங்கற இடம் கேட்டது அதுக்கா? நான்தான் கிண்டின்னு சொன்னேனே, அப்போதே சொல்றதுக்கென்ன? நான் விடலையா? நான் எப்போ விடலை? யார் பேசினாலும் கேட்கிறவ நான்.

இருங்க, போன். அவர்தான். எடுக்கறதா வேண்டாமா? எடுக்கறேன்.

ஹலோ. சொல்லுங்கண்ணா. ஏறிட்டேன். வந்துக்கிட்டுத்தான் இருக்கேன். உட்கார்ந்துதான் வர்றேன், ஜன்னல் சீட். இல்லை, திண்டிவனம் தாண்டலை. கொஞ்சம் தள்ளி இருக்கேன்.

எத்தனை முள்ளா? அண்ணா, இது சிரிக்கிற நேரமா?

உளுந்தூர்பேட்டை.

சிரிச்சு முடிச்சுட்டுப் பேசுங்க. நான் லைனில் இருக்கேன். இல்லை, பஸ் லேட்டுன்னு சொல்லாதீங்க. பஸ் லேட் இல்லை. பஸ் சரியான நேரத்துக்குத் திருச்சிக்குப் போய்க்கிட்டு இருக்கு. பொய் சொல்லி எனக்கு நேரம் வாங்கித் தர வேண்டாம். என்ன? நீங்க முதலில் பேசறீங்களா? சாப்பாட்டுக்கு அப்புறம் என்னையா? உங்களுக்கு என்ன லாபம் இதில்? எதைக் காட்டப் போறீங்க?

சரி. வைக்கறேன். ம். வைங்க.

என்ன சொல்றார் தெரியுமா அக்கா? நாற்காலிப் படத்தை அவரே போட்டுக் காட்டிடறாராம். "அதைப் பார்த்து அரை மணி நேரம் சிரிப்பாங்க, அப்புறம் சாப்பிடப் போயிடுவாங்க, அதுக்குள்ள வந்து சேரு. உன் முறைதான் சரின்னு சொல்லி வெக்கறேன். பொட்டை மட்டும் நீ பார்த்துக்க"ங்கறார். என் முக்கியமான பாயிண்ட் அது. ஒரு நிமிஷம் சும்மா நிற்கணும்னு கண்ணாடி முன்னால் பழகி வெச்சிருந்தேன். அதையும் அவரே எடுத்துக்கிட்டார் பாருங்க. இந்த மாதிரி ஆளோடு எப்படித்தான் மல்லுக்கட்டறது?

வந்துடுச்சா? இந்தாங்க உங்க ஜன்னல், உட்காருங்க. வெயில் சுடும், நான் அப்பவே சொன்னேன். என் தண்ணி பாட்டில், அதோ உங்க காலுக்குக் கீழே. தேங்க்ஸ்.

ஒண்ணே ஒண்ணு அக்கா. இங்கே சென்னை பஸ் எங்கே நிற்கும்? இல்லை, பிளாட்பாரம் நம்பர் வேண்டாம். நம்பரே சொல்லாதீங்க. எதுக்குப் பக்கத்தில்னு சொல்லுங்க. கரும்புச்சாறு கடைக்கு எதிரிலேயா?

கடைன்னா, தள்ளுவண்டியா?

தள்ளுவண்டி வேண்டாம் அக்கா. நகராத எதையாவது சொல்லுங்க.